‘தழும்பே தெரியாது மேடம்’ என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

இமை அழகு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கும், குறிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. வெட்டித் தைப்பது ஒரு மணி நேர வேலை. ஆறுவது பல மாத வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, மிச்ச மாதங்களில் கைகழுவிவிட்ட ஓரிடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். இடத்தின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே பேச்சோடு செய்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. பெயர் தெரிந்து அதை மட்டும் தவிர்த்தால் போதாது.

எனக்கு மேல் இமைத் தோல் தொங்கி, இமை முடியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. குடும்ப வாகு. அழகுக்காகவும்தான் போனேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

முதல் நாள் பேசியது டாக்டர் அல்ல, கவுன்சிலர் என்று ஒரு பெண். கையில் டேப்லெட், அதில் முன்–பின் படங்கள். பார்க்கப் பிரமாதமாக இருந்தன. ஆனால் எல்லா ‘பின்’ படத்திலும் கண் திறந்தே இருந்தது. மேல் இமையில் கீறலை மடிப்புக்குள் வருகிற மாதிரிதான் போடுவார்கள். கண்ணைத் திறந்தால் மடிப்பு அதை மூடிவிடும். அதனால் கண் திறந்த படத்தில் நல்ல தழும்பும் தெரியாது, மோசமான தழும்பும் தெரியாது. கண்ணை மூடி, மேக்கப் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து, ஆறு மாதமாவது கழித்து எடுத்த படம்தான் உண்மையைச் சொல்லும். அப்படி ஒன்று காட்டுங்கள் என்று கேட்டேன். “பேஷண்ட் பிரைவசி மேடம்” என்றார். கண்ணைத் திறந்திருக்கும் முகத்துக்கு இல்லாத பிரைவசி, மூடியதும் எங்கிருந்து வந்ததோ!

“தழும்பே தெரியாது மேடம். ஒரு வாரத்துல ஆபீஸ் போயிடலாம்.” இது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில் இருப்பது. ஒரு மில்லிமீட்டர் கூடக் கனமில்லை. ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பதால் சீக்கிரம் ஆறும், கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வருவது அபூர்வம். ஆனால் அந்த மெல்லிய தோல் கண்குழி எலும்பின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. கீறல் அதைத் தாண்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் நீண்டால், அங்கே தோல் கனம், தழும்பும் கனம். மூக்குப் பக்கம் அதிகமாக நீண்டால் தழும்பு சுருங்கி, கண்ணின் உள்மூலையில் சவ்வு மாதிரி ஒரு மடிப்பை இழுத்துவிடும். எனக்கு இரண்டு பக்கமும் நீட்டிவிட்டார்கள்.

அறுவைக்கு முன் சர்க்கரை, பிரஷர் மட்டும் கேட்டார்கள். கண் உலர்ச்சி உண்டா, கான்டாக்ட் லென்ஸ் போடுவீர்களா, கண்ணாடியைத் தவிர்க்க லேசர் செய்துகொண்டீர்களா, தைராய்டு எப்படி, ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, பழைய காயங்கள் தடித்திருக்கின்றனவா: ஒன்றும் கிடையாது. எவ்வளவு தோலை எடுப்பது என்று பேனாவால் கோடு போட்டதும் நான் மேஜையில் படுத்த பிறகுதான். படுத்தால் புருவமும் தோலும் இடம் மாறும் என்பதால் உட்கார வைத்துத்தான் கோடு போட வேண்டும். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவில் சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. இதெல்லாம் பிறகு நான் பார்த்த மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தையல் விஷயம் இன்னும் மோசம். இமைத் தையலை வழக்கமாக 5 முதல் 7 நாளுக்குள் எடுத்துவிடுவார்கள். அவர்கள் சொன்ன தேதிக்கு நான் போய் நின்றபோது, “டாக்டர் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க” என்று ரிசப்ஷனில் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரமும் தள்ளிப்போனது. தையல் அதிக நாள் உள்ளே இருந்தால், தோலின் மேல்படலம் நூலைச் சுற்றியே உள்ளே வளர்ந்துவிடும். அதன் பலன் கோட்டுக்கு இரு பக்கமும் ஊசி போன இடமெல்லாம் புள்ளித் தடம், கூடவே குட்டிக் குட்டி வெள்ளைக் கட்டிகள். கடைசியில் தையலை எடுத்தது டாக்டரும் இல்லை. ஓர் உதவியாளர், நின்றபடியே.

கண்ணை மூடிக்கொண்டு போனில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது. வலது கண்ணின் வெளிமூலையிலிருந்து பொட்டுப் பக்கம் சிவந்து தடித்த கோடு, தோலுக்கடியில் சணல் நூலைப் புதைத்த மாதிரி. தொட்டால் கெட்டியாக இருந்தது. உள்மூலையில் முன்பு இல்லாத ஒரு மடிப்பு. படத்தை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “நார்மல்தான் மேடம்”, கூடவே கைகூப்பும் பொம்மை.

எது நார்மல் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயந்து சாகவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும். கன்றிப்போன நீலமும் மஞ்சளும் ஒன்று இரண்டு வாரத்தில் வடியும். கண்ணில் நீர் வழிவது, மங்கலாகத் தெரிவது, இமை முழுசாக மூடாதது போன்ற உணர்வு எல்லாம் தொடக்கத்தில் வரும், போகும். தழும்பு நான்கிலிருந்து எட்டு வாரம் வரை முன்பைவிடச் சிவப்பாக, கரடுமுரடாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. முதிர்ந்து வெளிறுவதற்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். மாநிறத்துக்கு மேல் கருத்த தோலுக்கு வெயில் பட்டால் கோடு கருத்துப்போகும். கூலிங் கிளாஸ் இல்லாமல் வெளியே போகாதீர்கள். புகைபிடித்தால் ஆறுவது தாமதமாகும்.

நார்மல் இல்லாதது: வாரங்கள் போயும் தூக்கத்தில் கண் மூடாமல் இருப்பது. “நீ கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறே” என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான், காலையில் மணல் விழுந்த மாதிரி ஏன் உறுத்துகிறது என்பது புரிந்தது. இதைச் சொன்னதும் அந்த இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? லேசர் பேக்கேஜ் விலை சொன்னார்கள். தழும்புக்கு லேசர், அதுவும் இன்னும் சிவந்திருக்கும் தோலில், அதுவும் சூட்டுக்குச் சட்டென்று கருக்கிற நிறத்தில். மாட்டேன் என்றதும் பேச்சு மாறியது. “உங்க ஸ்கின் டைப் அப்படி மேடம்.” அறுவைக்கு முன்னால் என் தோல் அருமையான தோலாக இருந்தது, காசு கட்டிய பிறகு அது குற்றவாளி ஆகிவிட்டது.

இமைக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்த கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆக்குலோபிளாஸ்டி என்று போட்டிருக்கும். அப்படி ஒருவரிடம் போனேன். அவர் தழும்பை அப்புறம் பார்க்கலாம் என்று, முதலில் ஆரஞ்சு நிறச் சாயத்தாள் ஒன்றை என் கீழ் இமையில் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் கீழ்ப்பாதியில் பொட்டுப் பொட்டாகப் பச்சை. இமை மூடாததால் அந்த இடம் உலர்ந்து உரிந்திருக்கிறது என்றார். படத்தைத் திரையில் எனக்கே காட்டினார். அழகு அறுவைக்குப் போனவள் கருவிழியைக் காப்பாற்றும் கவலையோடு உட்கார்ந்திருந்தேன்.

பகலில் பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்து, இரவில் களிம்பு. வெள்ளைக் கட்டிகளை ஊசி முனையால் கீறி எடுத்தார், வலியே இல்லை. தடித்த கோட்டில் மிகக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு ஊசி, பிறகு விரலால் அழுத்தித் தேய்க்கும் முறை. அளவு தவறினால் தோல் குழியும், நிறம் போகும் என்பதால் இதைக் கண்ட இடத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. உள்மூலை மடிப்பை இப்போது தொட மாட்டேன், ஆறு மாதமாவது போகட்டும் என்றார். தானாகத் தளராவிட்டால் தோலை இசட் வடிவில் வெட்டி மாற்றித் தைக்க வேண்டுமாம். அளவுக்கு மேல் எடுத்த தோலை இழுத்து நிரப்ப வழியில்லை. தேவைப்பட்டால் காதின் பின்னாலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். மிச்சம் விட்டால் பிறகு எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததைத் திருப்பி வைப்பதுதான் பெரும்பாடு.

“கீழ் இமையும் சேர்த்துப் பண்ணிக்கிட்டா பாதி சார்ஜ்தான்” என்று அந்த கவுன்சிலர் ஒரு தூண்டில் போட்டிருந்தார், நல்லவேளை மறுத்துவிட்டேன். கீழ் இமை தளர்ந்திருக்கிறதா என்று இழுத்து விட்டுப் பார்க்காமல் வெளிப்பக்கமாக வெட்டினால், தழும்பு சுருங்கி இமையைக் கீழே இழுத்துவிடும். உள்பக்கமாகக் கொழுப்பை எடுக்கும் முறையில் வெளியே தழும்பே இருக்காது, ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

இன்னொன்று. அவர்கள் கொடுத்த தாளில் ஐஸ் வையுங்கள், தலையை உயர்த்திப் படுங்கள் என்று மட்டுமே இருந்தது. இருந்திருக்க வேண்டியது இது: அறுவை முடிந்த முதல் நாளில், ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி வந்து, கண் முன்னே பிதுங்கி, பார்வை மங்கினால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். அபூர்வம்தான், ஆனால் சில மணி நேரத்தில் பார்வை போய்விடும். போன் போட்டுக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். அவர்கள் தந்த ‘அவசர எண்’ ரிசப்ஷன் எண்; மாலைக்கு மேல் அடித்தால் விளம்பரப் பாட்டுதான் கேட்கும்.

என் அறுவைக் குறிப்புகளைக் கேட்டேன். பலமுறை நடையாய் நடந்து வாங்கிய தாளில், எத்தனை மில்லிமீட்டர் தோல் எடுத்தார்கள் என்ற வரியே இல்லை. கீழே கையெழுத்திட்டவர் பெயர், என்னிடம் பேசிய டாக்டரின் பெயர் அல்ல. யார் வெட்டினார்கள் என்று கேட்டதற்கு, “டீமா பண்ணுவாங்க மேடம்” என்றார்கள். நாள் குறிக்கும் முன்பே இதை எழுத்தில் வாங்குங்கள்: யார் வெட்டுவார், யார் தையல் எடுப்பார், ஆறு மாதம் வரை யார் பார்ப்பார், திருத்த அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது.

போன வாரம் மேனேஜர் அழைத்தார். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்களாம், எந்தப் புகாரும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. புதிய மருத்துவரின் அறிக்கையும் கண் மூடிய படங்களும் சேர்ந்ததும் மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் போகும்.