மடிப்பு சைக்கிளுக்குச் செயின் வீல் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆனி, ஆடியில் கோவையில் மேற்குப் பார்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திருப்பூரில் ரயில் ஏறி, கோவை ஜங்ஷனில் இறங்கி, மடித்த சைக்கிளை விரித்து வடவள்ளி வரை மிதிப்பது என் அன்றாடம். 20 இஞ்ச் சக்கரம். பின்னால் 14-ல் தொடங்கி 28 பல் வரை ஏழு கியர். முன்னால் ஒரே செயின் வீல், 52 பல். சக்கரம் சின்னது என்பதால்தான் முன்னால் இவ்வளவு பெரிதாக வைக்கிறார்கள். இல்லாவிட்டால் சமதரையில் கால்தான் சுற்றும், வண்டி நகராது. எனக்கோ எதிர்காற்றில் முட்டி வலிக்க ஆரம்பித்தது. 44 பல் போட்டால் தேவலை என்று தோன்றியது.

நகருக்குள் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே லட்ச ரூபாய் சைக்கிள்கள் வரிசையாக. "இம்போர்ட்டட் அலாய் வரவழைச்சுத் தர்றோம்ங்ணா" என்றார்கள். "பிசிடி அளவு எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். செயின் வீலை கிராங்கோடு, அதாவது பெடல் மாட்டும் கையோடு, பிணைக்கும் ஐந்து போல்ட்டுகளின் மையம் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் அது. "அதெல்லாம் நம்ம பசங்க பாத்துக்குவாங்ணா." அங்கேயே நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, வண்டியையும் விட்டுவிட்டு வந்தேன்.

பதினெட்டு நாள். "கூரியர்ல வருதுங்ணா", "பார்ட் வந்துருச்சுங், ஆள்தான் லீவு". கடைசியில் 3,400 ரூபாய்க்குக் கையெழுத்து பில். முன்னால் பளபளவென்று கறுப்புச் செயின் வீல். எண்ணிப் பார்த்தேன், 44 பல் சரியாக இருந்தது.

மறுநாள் ஜங்ஷனிலிருந்து கிளம்பி முதல் சிக்னல் தாண்டுவதற்குள் செயின் கழன்றது. மாட்டினேன். லாலி ரோடு வருவதற்குள் இன்னும் இரண்டு முறை. ஓரமாக நிறுத்தி, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பெடல் ஒரு சுற்று வருவதற்குள் பின்னால் செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் டீரெய்லரின் கை முன்னும் பின்னுமாக ஒரு முறை தலையாட்டியது. சுற்றுக்கு ஒரு முறை, கடிகாரம் மாதிரி. பூம்பூம் மாடு கெட்டது போங்கள். செயின் வீல் நடுவில் உட்காரவில்லை என்றால்தான் அப்படி ஆகும்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டது. அலுமினிய அலாய் என்றால் காந்தம் ஒட்டாது. அலாயாம்!

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த பெரியவரிடம் கழற்றிக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பல்லை நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது. உள்ளே கிரைண்டிங் வீல் இழுத்த கோடுகள், நுனியில் சூடேறிய நீலம். "இது சாதா சைக்கிள் செயின் வீலுங் தம்பி. நடுவை லேத்துல கடைஞ்சு எடுத்துட்டு ஓட்டை போட்டிருக்கறாங்க. பல்லு தடிமனா இருந்ததால ரெண்டு பக்கமும் தேச்சிருக்கறாங்க."

தேய்த்ததன் காரணம் இதுதான். சாதா சைக்கிள் செயினின் உள் அகலம் எட்டில் ஒரு இஞ்ச், அதாவது 3.2 மி.மீ. கியர் சைக்கிள் செயினில் 2.4 மி.மீ.தான். தடித்த பல் அதற்குள் நுழையாது. சரி, தேய்த்ததையாவது சமமாகத் தேய்த்தார்களா? ஒரு பல் இடப்பக்கம் சாய்வு, அடுத்தது வலப்பக்கம்.

அப்புறம் வெர்னியர் வைத்து ஓட்டைக்கு ஓட்டை அளந்தார். பட்டறைக்காரர்களுக்கும் இந்த அளவு பிசிடிதான். என் கிராங்கில் அது 130 மி.மீ. ஐந்து ஓட்டை என்றால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே 76.4 மி.மீ. இருக்க வேண்டும். ஐந்து இடத்தில் ஐந்து அளவு வந்தது. ஒன்று 75-ஐக்கூடத் தொடவில்லை. அதைச் சமாளிக்க இரண்டு ஓட்டைகளை அரத்தால் ராவி நீட்டியிருந்தார்கள். பெரியவர் சிரித்துவிட்டார். "நான் பண்ணியிருந்தா நேராவாவது பண்ணியிருப்பனுங்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் "செயின் செட் ஆகணும்ங்ணா, ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க". காந்தத்தை எடுத்துக் காட்டியதும் குரல் மாறியது. "சப்ளையர் ஏமாத்திட்டாருங்." என் பழைய 52 பல்லைக் கேட்டேன். நல்ல அலுமினியம், பேன்ட் மாட்டாமல் இருக்க வெளியே தகடு வைத்தது. "ஸ்கிராப்ல போயிருச்சுங்ணா." ஐந்து போல்ட்டும் அதோடு போயிற்று. அரை மணி நேரம் குரல் உயர்த்திய பிறகு 1,500 ரூபாய் கைக்கு வந்தது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். சக்கரத்தின் இஞ்சை முன்பல்லால் பெருக்கி, பின்பல்லால் வகுத்துப் பாருங்கள். எண் குறையக் குறைய மிதி லேசாகும். பழையபடி 52-க்கு 28 என்றால் 37. நான் ஆசைப்பட்ட 44-க்கு 28 என்றால் 31. முன்னால் கையே வைக்காமல், பின்னால் இருக்கும் பல் அடுக்கை, அதாவது பிரீவீலை, 14-34 ஆக மாற்றியிருந்தால் 52-க்கு 34, அதுவும் 31-க்குக் கொஞ்சம் கீழே! அந்த பிரீவீல் சாதாரண கியர் சைக்கிள்களில் வருவது, நான் தேடியபோது இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. செயின் மட்டும் கொஞ்சம் நீளமாக வேண்டும், டீரெய்லர் 34 பல்லைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சின்னச் சக்கரத்தில் டீரெய்லர் ஏற்கெனவே தரையை ஒட்டித் தொங்கும், அதற்கு நீளக் கை வாங்கி மாட்டினால் வேகத்தடையில் இடிபடலாம்.

முன்னால்தான் மாற்றுவேன் என்பவர்கள், வண்டியைக் கடையில் விடாதீர்கள். முதலில் உங்கள் செயின் வீல் போல்ட்டில் இருக்கிறதா, ரிவெட் அடித்ததா என்று பாருங்கள். விலை குறைந்த மடிப்பு சைக்கிள்களில் ரிவெட்தான் அதிகம். அதற்குக் கிராங்கோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். போல்ட் என்றால் ஓட்டைகளை நீங்களே அளந்துகொள்ளுங்கள், ஐந்து ஓட்டையில் 64.7 வந்தால் 110 பிசிடி, 76.4 வந்தால் 130. இந்த 130-ல் 38 பல்லுக்குக் கீழே போக இடமில்லை, "36 இருக்குதுங்ணா" என்று எவராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். காந்தம் பாக்கெட்டில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தை அங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்போது ஆன்லைனில் 130 பிசிடியில் 48 பல் வாங்கி நானே மாட்டிவிட்டேன், பின்னால் 14-34. காற்றில் மிதிக்க முடிகிறது, முட்டியும் பரவாயில்லை. அந்தக் கறுப்பு வட்டம் பெரியவரின் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம்.