வீனஸ் ஃப்ளைட்ராப்பும் சதுப்புப் பாத்தியும்: பல பருவங்கள் வளர்த்த அனுபவம்

பூச்சி பிடித்து உண்ணும் செடியான வீனஸ் ஃப்ளைட்ராப்பைச் சின்னத் தொட்டியில் வைத்து ஒரே கோடையில் இழந்தவர்களுக்கு, எப்போதும் ஈரமாக இருக்கும்படி தரையில் குழியெடுத்து அமைக்கும் சதுப்புப் பாத்தியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 10 செ.மீ. தொட்டி ஒரு நாள் வெயிலிலேயே சூடேறிக் காய்ந்துவிடும். 400 லிட்டர் ஈரமண் அவ்வளவு சுலபமாகக் காயாது, சூடேறவும் நேரமாகும். பாத்தியின் பலமே இதுதான்.

120 × 90 செ.மீ. பரப்பில் 40 செ.மீ. ஆழக் குழி போதும். குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டைக் குழியில் விரியுங்கள். அடியில் ஓட்டை போடக் கூடாது. மேல்மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே, பக்கச் சுவரில் மட்டும் 30 செ.மீ.க்கு ஒன்றாகப் பென்சில் பருமனில் துளையிடுங்கள். அடைமழையில் மிகுதி நீர் அதன் வழியே வடியும், கீழ்ப்பகுதி எப்போதும் நீர் பிடித்திருக்கும்.

மண்கலவை இரண்டு பங்கு பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), ஒரு பங்கு சிலிக்கா மணல். இந்தக் குழிக்குச் சுமார் 290 லிட்டர் பீட்டும் 145 லிட்டர் மணலும் ஆகும். அமுங்கிப் போகும் என்பதால் 50 லிட்டர் கூடுதலாகக் கலந்து, மேடாகவே நிரப்புங்கள். காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது. வெதுவெதுப்பான நீர் விட்டுக் கையால் பிசைந்த பிறகே குழியில் போட வேண்டும். பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைக் கல்துகளும் சேர்க்கலாம் என்பார்கள். தொட்டிக்குச் சரி, திறந்தவெளிப் பாத்தியில் ஒவ்வொரு மழைக்கும் அது மேலே மிதந்து வந்துவிடும். மணல் மீது சந்தேகம் இருந்தால் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டைப் பீட் மாஸ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்; சரியாகக் கழுவாத கோகோபீட்டில் உப்பு நிற்கும். தொழுவுரம், மண்புழு உரம், ரசாயன உரம் எதுவும் இந்த மண்ணில் சேரக் கூடாது, வேர் கருகிவிடும்.

தோல்விகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை. மழைநீர், ஆர்.ஓ. நீர், காய்ச்சி வடித்த நீர் ஆகியவையே பொருந்தும். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 50 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. குழாய்நீர் ஊற்றினால் சில மாதங்கள் எதுவும் தெரியாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். நீர் ஆவியாக ஆவியாக உப்பு மண்ணிலேயே தங்கிச் சேரும். பிறகு இலைநுனி கருகும், புது இலைகள் சிறுத்து வரும். அப்போது பாத்தி முழுக்க மழைநீர் விட்டுப் பலமுறை வழியவிட்டு அலசுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீர்மட்டம் பார்க்க, துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை மூலையில் அடிவரை நட்டு, குச்சி விட்டு அளக்கலாம். மேல்மட்டத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே நீர் நிற்பது ஃப்ளைட்ராப்புக்கு இதமான நிலை. அதைப் பாத்தியின் மேட்டிலும், கால் நனைந்தே நிற்க விரும்பும், இதேபோல் பூச்சி உண்ணும் சாரசீனியா ஜாடிச் செடிகளைப் பள்ளத்திலும் நடுங்கள். சாரசீனியா ஃப்ளாவா, லியூகோஃபில்லா போன்ற உயரமான வகைகள் வெயிலை மறைக்காத பக்கமாக இருக்க வேண்டும். ஃப்ளைட்ராப்புக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

ஃப்ளைட்ராப்பின் இலைநுனியில் பூச்சி பிடிக்கும் பொறியின் ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள் இருக்கும். சுமார் 20 விநாடிக்குள் இரு முறை தொட்டால் மூடும். விரலால் மூடிப் பார்ப்பது செடியின் சக்தியை வீணாக்கும். ஒரு பொறி சில தடவை மூடியபின் ஓய்ந்துவிடும். வெளியில் வளரும் செடி தனக்கு வேண்டிய பூச்சியைத் தானே பிடித்துக்கொள்ளும், இறைச்சித் துண்டு போட்டால் அழுகும். செடி பலவீனமாக இருந்தால் பூத்தண்டை 5 செ.மீ. உயரத்திலேயே வெட்டிவிடுங்கள்.

இலையுதிர் காலத்தில் பொறிகள் கருகுவது நோயல்ல, உறக்கத்துக்கான ஆயத்தம். ஃப்ளைட்ராப்பின் தாயகம் அமெரிக்காவின் இரு கரோலினா மாநிலங்கள். அங்கே குளிர்காலம் உண்டு. மூன்று நான்கு மாதக் குளிரோய்வு கிடைக்காத இடங்களில் செடி ஆண்டுக்கு ஆண்டு மெலியும். அத்தகைய இடங்களில், ஓய்வு தேவைப்படாத ட்ரோசெரா கேப்பென்சிஸ் என்னும், ஒட்டும் இலையால் பூச்சி பிடிக்கும் செடி நல்ல தேர்வு. ஆனால் அதன் விதைத்தண்டைக் காயுமுன் வெட்டாவிட்டால் பாத்தி முழுக்க அதுவே முளைக்கும்!

முதல் ஆண்டு முடிவில் மண் பல செ.மீ. இறங்கும், அதே கலவையால் நிரப்புங்கள். பாத்தியின் மேல் வளர்க்கும் உயிருள்ள ஸ்பாக்னம் என்னும் சதுப்புப் பாசி அழகுதான், ஆனால் ஃப்ளைட்ராப்பை மூடி வளர்ந்துவிடும். வளரும் பருவத்தில் மாதமொரு முறை கத்தரிக்கோலால் மட்டம் தட்டுங்கள். புது இலை முறுக்கிக்கொண்டு வந்தால் அது அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சியின் வேலை. செடியைப் பெயர்த்து, ஒன்றிரண்டு நாள் மழைநீரில் முழுக மூழ்கவைத்தால் பெரும்பாலும் ஒழியும். சாரசீனியா நெருக்கியடித்து வளரும்போது, குளிர் முடிந்து புதுத்தளிர் விடுமுன் கிழங்கைப் பிரித்து நடுங்கள்.

செடி வாங்கும்போது வளர்ப்பகத்தில் பெருக்கியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்குவது இந்த இனத்தை அழிக்கிறது. வட கரோலினாவில் 2014 டிசம்பர் முதல் அது கடுங்குற்றம்.