வில்லன் பாட்டு: மேடையா, திரையா?

'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' கதையை 1982ஆம் ஆண்டு மேடை இசை நாடகமாக அறிவதா, 1986இல் வந்த படமாகப் பார்ப்பதா என்று தயங்குவோர், மனிதரைத் தின்னும் செடியின் பாட்டை வைத்தே முடிவு செய்யலாம்.

உதட்டசைவு, மேடையில்: பாடகர் மறைவிலிருந்து பாட, செடிப் பொம்மைக்குள் இருப்பவர் அதற்கேற்ப வாயை அசைக்கிறார்.
படத்தில்: செடியின் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருந்த வேண்டுமென்பதற்காக, நடிகரையும் மெதுவாக அசையவைத்துப் படம்பிடித்து, பின்னர் வேகத்தைக் கூட்டினார்கள், அந்த உழைப்பு வியக்க வைக்கிறது.

முடிவு, மேடையில்: செடி வெல்கிறது.
படத்தில்: ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட புதிய பாட்டில் ஆர்ப்பரித்துவிட்டு, திரையரங்குகளில் வெளியான வடிவத்தில் அழிகிறது, பாட்டின் மிரட்டல் இதனால் வீறாப்பாகச் சுருங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கைவினையை ரசிப்போருக்குப் படம் ஏற்றது. உண்மையான அச்சம் வேண்டுவோர் நாடகத்தையே நாட வேண்டும்.