கடலை இரைச்சல் என்று நினைக்கும் காலர் மைக்

தொண்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே வயர்லெஸ் காலர் மைக் ஆஃபர்ல நாலாயிரத்துக்குக் கீழ வந்திருச்சு. வாங்கிரலாமா?" அவனும் ஊர்ச் செய்தியை வீடியோவாக எடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறான். ஒரே வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கேட்ட நேரமும் அப்படி. அந்த வாரம்தான் மைக்கின் சார்ஜிங் பெட்டியை ராமநாதபுரத்தில் பழுது பார்த்து எடுத்து வந்திருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சட்டையில் மாட்டும் இரண்டு மைக், போனில் செருகும் ரிசீவர், சார்ஜிங் பெட்டி. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. பேட்டரி நன்றாகவே நிற்கிறது. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் என் ஜெராக்ஸ் கடைக்குள் உட்கார்ந்து பேசினால் வானொலி நிலையத்தில் இருந்து பேசுவது மாதிரி இருக்கும். அதில் ஒரு குறையும் இல்லை.

குறை எல்லாம் அந்தப் பச்சை விளக்கில்தான் இருக்கிறது.

மைக்கின் பக்கவாட்டில் ஒரு பட்டன். ஒரு முறை தொட்டால் சத்தக் குறைப்பு வேலை செய்யத் தொடங்கி விளக்கு பச்சையாக மாறும். மைக்கைச் சட்டையில் மாட்டுவதற்கு விரல் எங்கே படுமோ, சரியாக அங்கேயே அந்தப் பட்டனை வைத்திருக்கிறார்கள். வேண்டும் என்று நாம் அமுக்குவதே இல்லை, அதுவாகவே அமுங்கிக்கொள்ளும். வெயிலில் அந்த விளக்கு பச்சையா நீலமா என்று கண்ணுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்கும்போதுதான் தெரியும்.

இந்தச் சத்தக் குறைப்பு நகரத்தை நினைத்துச் செய்யப்பட்டது. ஃபேன், ஏசி, ரோட்டில் ஓடும் வண்டி என்று ஒரே சீராக வரும் சத்தத்தைக் கண்டுபிடித்து அமுக்கிவிட்டு, மனிதக் குரல் என்று தான் நம்புவதை மட்டும் விட்டுவைக்கும். எங்கள் பக்கம் ஒரே சீராக வருவது கடலும் காற்றும். கடலை அமுக்கும் வேலையில் மெதுவாகப் பேசுகிறவர் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். ஆனால் திடீரென்று வரும் சத்தம் எதையும் தடுக்காது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், மராமத்து வேலை நடக்கும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள் இல்லையா, அது கைக்கு வந்ததா என்று ஒருவரிடம் கேட்டு எடுத்தேன். பின்னால் பலகையில் அடித்த சுத்தியல் அட்சர சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அவர் சொன்ன பதில்தான் தண்ணீருக்கு அடியில் இருந்து வந்தது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படகு எண் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போன செய்தி டிவிக்கு வருவதற்கு முன்பே எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்துவிடும். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த படகுக்காரர் கரைக்குத் தகவல் சொல்வார். விடிந்ததும் துறைமுகத்தில் சங்கத்துக்காரர்கள் படகு எண்ணைச் சொல்வார்கள். ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்ற முன்பகுதி எங்கள் மாவட்ட விசைப்படகுகளுக்குப் பொதுவானது. அதற்குப் பிறகு வரும் இலக்கம்தான் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சொல்லும். 'அறுநூற்றி' என்பதற்கும் 'எழுநூற்றி' என்பதற்கும் காதில் விழும் வித்தியாசம் தொடக்கத்தில் மட்டும்தான். ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார் என்று இந்த மைக்குக்குப் புரிவதற்குள் அந்தத் தொடக்கம் போய்விடும். மிஞ்சுவது "நூற்றி முப்பது". எந்த நூறு? மஸ்கட்டில் இருந்தும் குவைத்தில் இருந்தும் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பிமார் உடனே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்கள். ஆகவே எண்ணைத் தாளில் எழுதி கேமராவுக்குக் காட்டச் சொல்வதை வழக்கமாக்கிவிட்டேன். கடலுக்குப் போகும்போது மீன்வளத்துறையில் வாங்கிய டோக்கனோடு ஒத்துப் பார்க்காமல் போடுவதும் இல்லை. செய்தி சேர்க்கிறவன் இதை எப்படியும் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு எண்ணைக்கூடக் காதால் நம்ப முடியாத மைக்குக்கு எதற்குக் காசு கொடுத்தேன்?

இன்னொரு கோளாறு இதைவிட விசித்திரமானது. 2024 நவம்பர் 20 அன்று பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மேகவெடிப்பு மாதிரி கொட்டியது, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். கடை வாசலில் நின்று எடுத்தேன். பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. படத்தில் மழை ஊற்றுகிறது, காதில் ஒரு சொட்டு இல்லை. அந்த அமைதிக்கு நடுவே என் குரல் மட்டும் சுத்தமாக நிற்கிறது. போட்ட உடனே கேள்விகள் வந்தன. "இது எந்த வருஷத்து மழை?" "வாய்ஸ் தனியா டப்பிங் பண்ணதா?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புயல் கூண்டு ஏற்றினாலே பழைய வீடியோக்கள் தேதி மாறிச் சுற்றக் கிளம்பிவிடும். 2018-ல் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு வைத்தும் அது நின்றபாடில்லை. நான் அங்கே நின்றேன் என்பதற்கு எனக்கு இருக்கும் சாட்சி பின்னணிச் சத்தம் ஒன்றுதான். அலை, பாலத்தில் ரயில் ஏறும் சத்தம், ஏலக் குரல். எங்கள் ஊர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வடகடலா (பாக் நீரிணை) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்று சொல்லிவிடுவான். அதை எல்லாம் குப்பை என்று துடைத்துப் போடும் கருவியைச் செய்திக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்துகிறார்கள்.

சரி, பச்சையை அணைத்துவிட்டால்? அப்போது காற்று வருகிறது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள், அப்படிப்பட்ட இடம் இது. பெட்டியில் கொடுக்கும் பஞ்சு உறை எங்கள் காற்றுக்கு ஒன்றுமே இல்லை. காற்று மைக்கின் வாயில் மோதிச் சுழலும்போது வருகிற 'பும் பும்' சத்தம் பதிவாகும்போதே பேச்சை உடைத்துவிடும். அப்புறம் எந்த ஆப்பில் போட்டுச் சலித்தாலும் உடைந்தது திரும்ப வராது. முடி வைத்த உறை ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன். மைக்கைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை அசையாமல் அது பிடித்து வைப்பதால் பாதித் தொல்லை தீர்ந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு எலிக்குஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மீதிப் பாதிக்கு இடம் பார்த்து நிற்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கம் பேட்டியே எடுக்காதீர்கள், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்கில் இருந்து வரும் வாடையில் தலைகீழ். பேசுகிறவர் முதுகு காற்றுக்கு இருக்கட்டும், முகம் உங்களுக்கு இருக்கட்டும். ஆனால் மீனவரிடம் கடலைப் பற்றிக் கேட்டால் அவர் கடல் பக்கம் திரும்பி கையை நீட்டித்தான் சொல்வார். திரும்பினால் அவர் உடம்பு குறுக்கே வரும், சிக்னல் அறுந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மனித உடம்பைத் தாண்டத் திணறும். பெட்டியில் போட்டிருக்கிற நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் எல்லாம் குறுக்கே ஆள் இல்லாத வெட்டவெளிக் கணக்கு.

இனி அந்த ரிப்பேர் கதை. சார்ஜிங் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஊசிகளில் களிம்பு ஏறி ஒரு மைக் சார்ஜ் ஏறாமல் போனது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். 'திரவத்தால் சேதம், வாரண்டி கிடையாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணீரில் போடவில்லை ஐயா, பாம்பன் காற்றில் வைத்திருந்தேன். உப்புக்காற்று படும் ஊருக்கு விற்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கடைசியில் ராமநாதபுரத்தில் செல்போன் சர்வீஸ் செய்யும் தம்பிதான் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒரு ஊசிக்குப் பற்று வைத்து, நூற்றைம்பது ரூபாயில் சரிசெய்து கொடுத்தார். இப்போது எவர்சில்வர் டப்பாவில் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு போட்டு வைக்கிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டேன். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும், அது நான் எதிர்பார்க்காதது. கையில் பிடிக்கிற, லோகோ ஒட்டின மைக்கை நீட்டினால் எங்கள் பக்கம் ஆண்கள் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார்கள், பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். இந்தக் குட்டி மைக்கை மாட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறார்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் என்ற ஊரில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர், வனத்துறை கெடுபிடி பற்றியும் தீவுப் பக்கம் போக முடியாதது பற்றியும் வியாபாரி எடை போடும் விதம் பற்றியும் வீட்டில் பேசுவது போலவே பேசினார். மன்னார் வளைகுடாவில் இருக்கும் அந்தத் தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்துக்குள் ஒரு நாள் கூலி எப்படி ஓடுகிறது என்பதை அவர் சொல்லித்தான் கேட்டேன். ஆனால் மறந்துவிடுகிறார்கள் என்பதே ஒரு வம்பும்கூட. பேட்டி முடிந்த பிறகு மைக்கோடு நடந்துபோய் பக்கத்தில் இருப்பவரிடம் குடும்ப விஷயம் பேசத் தொடங்குவார்கள், போனில் எல்லாம் விழும். முடிந்ததும் முதலில் மைக்கைக் கழற்றுங்கள், அப்புறம் நன்றி சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு மைக் புதிதில்லை. பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியில் மீனவர்களே பேசிப் பழகியிருக்கிறார்கள். ஆனால் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அரசு விதி இடம் கொடுக்காது, அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். காற்று, மழை அறிவிப்பு சொல்லலாம், கைதுச் செய்தியைத் தானே திரட்டிச் சொல்ல முடியாது. பத்திரிகைக்கோ மதுரைப் பதிப்பு அச்சாகி வரவேண்டும். இந்த இடைவெளியில்தான் என்னைப் போன்ற ஜெராக்ஸ் கடைக்காரன் நிற்கிறான், அடையாள அட்டை எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லாமல். வருமானமா? யூடியூப் விளம்பரப் பணத்துக்கு, ஷார்ட்ஸ் அல்லாத சாதாரண வீடியோ என்றால், 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். இரண்டு நிமிடக் கைதுச் செய்தியை வைத்து அதை எட்டிப் பாருங்கள். ஒரு சேனல், பெயர் வேண்டாம், என் வீடியோவில் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போட்டது. நான் எலிக்குஞ்சு மாட்டிப் பாடுபட்டுக் காப்பாற்றிய அலைச் சத்தத்தின் மேல் பயங்கர பின்னணி இசையும் ஏற்றியிருந்தது. மைக் கம்பெனியும் சேனலும் ஒரே ஆட்கள்தான் போலிருக்கிறது.

மதிப்பெண் கேட்டால், கடைக்குள் ஐந்துக்கு நாலரை, கடையை விட்டுக் கடற்கரைக்குப் போனால் இரண்டு. தம்பிக்குச் சொல்வது: வாங்காதே. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, மைக்குக்குள்ளேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வகையாகப் பார். சிக்னல் அறுந்தாலும் குரல் தங்கும். அதுவரை வயர் உள்ள சாதாரண காலர் மைக் போதும். களிம்பு ஏறினால் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம்.

நான் மட்டும் இதே மாடலில் இன்னொரு செட் ஆர்டர் போட்டிருக்கிறேன். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், உதிரியாக ஒரு மைக் வாங்கப் போனால் முழு செட் விலையையே சொல்கிறார்கள். பாசி எடுக்கும் அக்காமாருக்கும் இது பழகிவிட்டது. இந்த முறை பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, பட்டனைச் சுற்றி அட்டை வெட்டி ஒட்டி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது. வாரண்டி போகும் என்பார்கள். போகட்டும், அது எப்போது இருந்தது?