ஆக்ஸிஜன் சென்சார் கழற்ற எந்த டூல்? சில வருஷம் பயன்படுத்தியதில் தெரிந்தது

காரின் புகைக்குழாயில் திருகியிருக்கிற, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்ற என்னிடம் மூன்று டூல் இருக்கிறது. பக்கவாட்டில் வெட்டு விட்ட நீள சாக்கெட் ஒன்று, அதே வெட்டோடு குட்டையாக, ராட்செட் ஓரத்தில் மாட்டுகிற குரோஃபுட் வகை ஒன்று, அப்புறம் எல்லார் வீட்டு டூல் பாக்ஸிலும் கிடக்கிற 22 ரிங் ஸ்பேனர். இறுகிப்போன சென்சாரைக் கழற்றுவதில் எனக்கு அதிகம் கை கொடுத்தது அந்த ரிங் ஸ்பேனர்தான்.

காரணம் ரொம்ப எளிது. பெரும்பாலான கார்களில் சென்சாரின் தலை 22 எம்.எம். அறுகோணம், அதன் பின்னாலிருந்து ஒயர் நீண்டு கனெக்டரில் முடிகிறது. ஒயர் நுழைய வழி வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்பெஷல் சாக்கெட்டில் வெட்டு விடுகிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் பிடிக்க இரும்பு இல்லை, பைப் போட்டு மிதித்தால் வாய் விரிந்து தலையின் முனைகளை மழுக்கிவிடும். என் நீள சாக்கெட்டின் வெட்டு, வாங்கியபோது இருந்ததைவிட இப்போது அகலமாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. அதில் இம்பாக்ட் கன் போடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழைய சென்சார் திரும்ப வேண்டுமா வேண்டாமா என்பதுதான். குப்பைக்குப் போகிற சென்சார் என்றால் ஒயரை வெட்டிவிடுங்கள். அப்புறம் ரிங் ஸ்பேனரோ ஆறு முனை டீப் சாக்கெட்டோ முழுசாக உள்ளே இறங்கும், சுற்றிலும் பிடிக்கும், எவ்வளவு நீளமான கம்பி போட்டாலும் தாங்கும். ஆனால் வெட்டுவதற்கு முன் கோளாறு சென்சாரில்தானா என்று பார்த்துவிடுங்கள். ஸ்கேனரில் பி0135 என்று கோளாறு கோட் வந்தால் அது இன்ஜின் பக்கம் இருக்கிற முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டைச் சொல்கிறது. ஃபியூஸ் போயிருந்தாலும் அதே கோட் வரலாம்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றும்போதோ சைலன்சரை இறக்கும்போதோ நல்ல சென்சாரை அப்படியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். வெட்டு சாக்கெட் அங்கேதான் தேவை. மேலே நேராக இடம் இருக்கிற முன் சென்சாருக்கு நீள சாக்கெட் சுகம். காருக்கு அடியில், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சாருக்கு அது பெரும்பாலும் எதிலாவது இடிக்கும், குட்டை வகைதான் நுழையும். என்னுடைய குட்டை சாக்கெட்டின் சுவர் தடிமனாக இருப்பதால் இன்னும் விரியவில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம், 1/2 இஞ்ச் டிரைவ், சுவர் தடிமன், இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

எந்த டூலாக இருந்தாலும் துரு இளகாமல் வேலை நடக்காது. மழைத் தண்ணீரும் உப்புக் காற்றும் படுகிற சென்னை மாதிரி ஊர்களில் பின் சென்சார் ஒட்டியே போயிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை மரையைச் சுற்றி அடித்து ஊற விடுவேன். மறுநாள் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, சூடு இறங்கி வெதுவெதுப்பாக இருக்கும்போது கிளவுஸ் மாட்டிக்கொண்டு கை வைப்பேன். கால் சுற்று வந்து மறுபடி இறுகினால், முரட்டுத்தனமாகத் திருகாமல், திருப்பி இறுக்கி, ஆயில் அடித்து, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

புது சென்சார் போடும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிறைய சென்சார்கள் மரையில் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிப்போகாமல் இருக்கப் பூசும் பசை) தடவியே வருகின்றன, அதற்கு மேல் நாம் அப்பி அது சென்சார் முனையில் பட்டால் சென்சார் கெட்டுவிடும். முதலில் கையாலேயே முழுக்கத் திருகுங்கள், திருகவில்லை என்றால் 18 எம்.எம்., 1.5 பிட்ச் மரைக்கான டேப் (tap, மரை வெட்டும் டூல்) விட்டு, சென்சார் உட்காரும் ஓட்டையின் மரையைச் சுத்தம் செய்யுங்கள். கடைசி முறுக்குக்கு, எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் டார்க் ரெஞ்சில் குட்டை சாக்கெட்டை மாட்டுகிறவர்கள் அதை ரெஞ்சுக்கு 90 டிகிரியில் வைக்க வேண்டும். நேராக நீட்டி வைத்தால் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.