கடைசலுக்கு ரப்பர் கட்டை வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: என் 46,500 ரூபாய் போச்சு

இன்று காலை ஒரு கட்டையை லேத்தில் மாட்டி உளியை வைத்தேன். மரச் சுருளோடு சேர்ந்து மைதா மாதிரி மாவு கொட்டியது. உள்ளே முழுக்க வண்டு அரித்த பாதை. 46,500 ரூபாய் கொடுத்து இறக்கிய லோடு இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், நாளைக்கு இன்னொருவர் அங்கே போய் நிற்கக் கூடாது.

செங்கோட்டைப் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில் கால், ஸ்டூல் கால்தான் பிரதான வேலை. தேக்கு விலை எட்டாதவர்கள் ரப்பர் மரம் கேட்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், பால் வற்றிய 25, 30 வருஷ ரப்பர் மரங்களை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளையாக, சீராக, உளிக்கு நன்றாக வசப்படும் மரம். ஆனால் தேக்கு மாதிரி வைரம், அதாவது நடுவில் இறுகிய கெட்டி மரம், கிடையாது, மரம் முழுக்க மாவுச்சத்து. அதனால் வெட்டிய ஓரிரு நாளுக்குள் அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்ற வேண்டும். அப்புறம் சூளை அறையில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் நீலக்கறை, பின்னாலேயே வண்டு.

எல்லை தாண்டி உள்ள ஒரு மர டிப்போவுக்குப் போனேன். அங்கிருந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். மருந்து ஏற்றுகிற பெரிய இரும்பு உருளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவி, முனையில் இருந்த பச்சை நிற மெழுகை நகத்தால் கீறி, "இது பூசினால் வெடிக்காது அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னது சரிதான். மரம் பக்கவாட்டில் விடுகிற ஈரத்தைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக விடும், அதனால்தான் அங்கே முதலில் வெடிக்கும். முனைக்கு மெழுகு பூசத் தெரிந்தவர் மற்றதையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார் என்று நம்பினேன். "பேடிக்கண்டா, ட்ரீட்மெண்ட் முழுக்கக் கழிஞ்ஞதா" (பயப்படாதீர்கள், மருந்து ஏற்றி முடிந்தது) என்று தோளில் தட்டினார். அங்கேயே நின்று ஜிபேயில் 46,500 ரூபாயும் அனுப்பினேன்.

அந்த மெழுகுதான் மோசடியே. லோடு இறக்கிய பிறகு, சாரல் காலத்தில் முனைகளை அறுத்துப் பார்த்தால் மெழுகுக்கு அடியில் நடுவிலிருந்து கிளம்பிய வெடிப்பு, சுற்றிலும் கருநீலக் கறை. வெடித்த பிறகு, கறை பிடித்த பிறகு, மறைக்கப் பூசியிருக்கிறார்கள். பாதிக் கட்டைகளில் நடுக்குருத்து, அதாவது மரத்தின் நட்டநடு மையம், அப்படியே இருக்கிறது. குருத்தோடு அறுத்த கட்டை எப்படியும் வெடிக்கும், இது மரம் விற்கிறவனுக்குத் தெரியாதா?

மருந்தாவது ஏறியிருக்கிறதா என்று மர வேலை தெரிந்த ஒரு நண்பர் பார்த்துச் சொன்னார். ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்து, ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சளைத் தடவி, அது காய்ந்ததும் மேலே ஆசிட் கலவையைத் தடவினார். போராக்ஸ் ஏறிய இடம் சிவக்க வேண்டும். தோல் கனத்துக்கு மட்டும் சிவந்தது. உள்ளே முழுக்க மஞ்சள். தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இரும்பு உருளை எதற்கு நிற்கிறதோ!

போன் செய்தால் முதலில் "மழையல்லே அண்ணாச்சி, ஈரம் வலிக்கும்" (மழைதானே, மரம் ஈரத்தை இழுக்கும்) என்றார். பிறகு நான் வைத்த இடம் சரியில்லையாம். போட்டோ அனுப்பினேன், பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்து வேறொரு குரல்: "முதலாளி கல்ஃபில் ஆணு, வந்நிட்டு நோக்காம்." நேரில் போனால் கையால் எழுதித் தந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ட்ரீட்மெண்ட் என்று எழுதவில்லையே என்கிறார்கள். எழுதியது அவர்கள்! டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 46,500 ரூபாய், ஒரு பைசா திரும்பவில்லை. கட்டில் கால் ஆர்டர் கொடுத்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், அது தனி.

வாங்கப் போகிறவர்களுக்கு: முனை மெழுகைப் பார்த்து மயங்காதீர்கள், ஒரு கட்டையை அங்கேயே குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஈரமானியை மேலே வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அறுத்த நடுவில் வைக்கச் சொல்லுங்கள், 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குருத்து உள்ள கட்டை வேண்டாம். பில்லில் மருந்து ஏற்றியது என்று எழுதி வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வண்டு வந்த கட்டையை மற்ற மரத்தோடு அடுக்கவே அடுக்காதீர்கள், பரவும்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி பச்சை மெழுகுக் கட்டை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லும் போட்டோவும் எடுத்து வையுங்கள், சேர்ந்து போவோம்.