பீங்கானா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, புரதமா? எலும்புப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது

எலும்பு முறிந்தால் தழும்பு வைக்காமல் பழைய எலும்பாகவே கூடிவிடும். தோலால்கூட முடியாத காரியம் இது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. விபத்தில் ஒரு துண்டே சிதறிப் போய்விட்டால், கட்டியைச் சுரண்டி எடுத்த இடத்தில் பெரிய பள்ளம் விழுந்துவிட்டால், சீழ் பிடித்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்தால், இரண்டு கரையையும் உடம்பு தானாக இணைக்காது. நடுவில் நார்த்திசு வளர்ந்து வழியை மறித்துக்கொள்ளும். "ஆறு மாசமாச்சு, இன்னும் கூடலைங்க" என்று எக்ஸ்ரே உறையோடு எலும்பு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இந்த வகை.

இதற்கு டாக்டர்கள் முதலில் தேடுவது நோயாளியின் சொந்த இடுப்பெலும்பைத்தான். இடுப்பின் மேல் விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்த எலும்பில் மூன்று சங்கதிகள் சேர்ந்தே வருகின்றன: உயிருள்ள செல்கள், "இங்கே எலும்பு கட்டு" என்று அழைக்கும் புரதங்கள், புது எலும்பு பற்றி ஏறுவதற்கான கனிமச் சட்டகம். செயற்கைப் பொருள் எதுவும் இந்த மூன்றையும் ஒருசேரத் தருவதில்லை. அதனால் இன்றைக்கும் எல்லா ஒப்பீடுகளுக்கும் அளவுகோல் இடுப்பெலும்புதான். குறை என்னவென்றால், இன்னொரு இடத்தில் கத்தி வைக்க வேண்டும்; அந்த வலி சிலருக்கு மாதக்கணக்கில் போகாது; கிடைக்கும் அளவும் கொஞ்சம். குழந்தைகளிடம் எடுக்க எலும்பே போதாது. வயதானவர்களிடம் எடுப்பது தரமாக இருக்காது.

தானமாகக் கிடைத்த எலும்பு இரண்டாவது வழி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் காமா கதிரில் கிருமி நீக்கிய எலும்பைத் தந்து வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கதிர் கிருமியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. செல்களும் போகும், எலும்பின் உறுதியும் கொஞ்சம் குறையும். தானமும் தேவைக்கு ஏற்பக் கிடைப்பதில்லை.

ஆகவே ஆய்வுக்கூடப் பொருட்கள். களத்தில் இருப்பவை நான்கு: கால்சியம் பாஸ்பேட் பீங்கான், உயிர்க்கண்ணாடி, கரையும் பிளாஸ்டிக், எலும்பை வளரத் தூண்டும் பிஎம்பி என்ற புரதம். கம்பெனிப் பிரசுரங்கள் இவற்றை வலுவை வைத்தும் "எலும்பைத் தூண்டும் திறனை" வைத்தும் ஒப்பிடும். நான் முதலில் கேட்பது வேறு: உள்ளே போனது எப்போது இடத்தைக் காலி செய்யும்? கான்கிரீட் இறுகுமுன் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் தளம் இறங்கிவிடும். கடைசிவரை பிரிக்காமலே விட்டால் வீட்டில் குடியிருக்க முடியாது. இந்த நான்கின் வெற்றி தோல்வியில் பெரும்பகுதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வலுவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. புது ரத்தக் குழாய் உள்ளே நுழைய, பொருளில் சுமார் 300 மைக்ரோமீட்டர் அகலமான துளைகள் வேண்டும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. துளை கூடக் கூட வலு குறையும். எனவே இந்தப் பொருட்களில் அநேகமாக எதுவும் தொடையிலோ கீழ்க்காலிலோ உடல் பாரத்தைத் தனியாகத் தாங்காது. பாரத்தைப் பிளேட்டும் ராடும்தான் தாங்குகின்றன. "எலும்பைப் போன்ற வலு" என்று விளம்பரத்தில் பார்த்தால், துளையோடு அளந்ததா, துளையில்லாமல் அளந்ததா என்று கேளுங்கள்.

சரி, பீங்கானுக்கு வருவோம். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அது ஹைட்ராக்ஸிஅபடைட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதையே சூளையில் செய்து உள்ளே வைத்தால் உடம்பு அந்நியமாகப் பார்க்காது என்பது நியாயமான யோசனை, பலிக்கவும் செய்கிறது. ஆனால் 1000 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட்டின் படிகங்கள் பெரியவை, ஒழுங்கானவை. நம் எலும்பிலுள்ளவை பொடியானவை, கார்பனேட் கலந்து ஒழுங்கு கெட்டவை. எலும்பை அரித்துப் புதுப்பிக்கும் செல்களுக்கு அந்த ஒழுங்கற்ற படிகம்தான் லேசில் கரையும் இரை. சுட்ட துகளை அவற்றால் அதிகம் கரைக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் வெள்ளை வெளேரென்று அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சுற்றி எலும்பு வளர்ந்ததா, இல்லை துகள் மட்டும்தான் தெரிகிறதா என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம்.

அதன் தம்பி பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். ஹைட்ராக்ஸிஅபடைட்டில் ஒரு பாஸ்பரஸுக்கு 1.67 கால்சியம், இதில் 1.5. சின்ன வித்தியாசம்தான், ஆனால் நடத்தையே மாறிவிடுகிறது. அரிக்கும் செல்கள் இதன்மேல் ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலம் சுரந்து கரைக்கின்றன. அப்படிக் கரைந்த குழியில் எலும்பு கட்டும் செல்கள் வந்து அமர்கின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் துகள் காணாமல் போய், அங்கே எலும்பு இருக்கும். இது உடம்பு தன் எலும்பைத் தினமும் புதுப்பிக்கும் அதே வழி, அதனால்தான் எனக்கு இந்தப் பொருள்மேல் ஒரு சாய்வு உண்டு. இரண்டையும் 60க்கு 40 என்ற விகிதத்தில் கலந்து விற்பதும் உண்டு: ஒன்று நிற்கும், மற்றது வழிவிடும். இந்தியாவிலும் இந்த வரிசையில் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியில் டி.எஸ். சம்பத்குமார் குழு முட்டை ஓட்டிலிருந்து கால்சியம் எடுத்து ஹைட்ராக்ஸிஅபடைட் செய்து காட்டியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இந்தக் கனிமத்தோடு சிலிக்காவைச் சேர்த்து ஒரு கலவை செய்து, ஆட்டின் தொடை எலும்பில் சோதித்தது.

இதே வரிசையில் ஒரு கிழவரும் இருக்கிறார்: கட்டுப்போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 1892லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழியில் இதை அடைத்தார். மலிவு, பாதுகாப்பானது, ஆனால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடும். எலும்பு அவ்வளவு வேகமாக வளராது. கரையும்போது காயத்திலிருந்து நீர் கசிவதும் உண்டு, சீழ் என்று பயந்துவிடுவார்கள். ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்து குழிக்குள் வைக்க மட்டும் இது அருமையான வண்டி.

கண்ணாடியின் கதை சுவாரஸ்யமானது. 1967இல் லாரி ஹென்ச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கருத்தரங்குக்குப் பேருந்தில் போகிறார். பக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி. உடம்பு ஏற்காத உலோகமும் பிளாஸ்டிக்கும்தான் கைவசம் இருப்பதால் வீரர்களின் கைகால்களை வெட்ட வேண்டியிருக்கிறது, ஏற்கிற பொருள் ஒன்று செய்ய முடியாதா என்கிறார் அவர். எலும்பில் இருக்கும் கனிமத்தைத் தன் மேற்பரப்பில் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருள் இருந்தால் என்ன என்று ஹென்ச் யோசித்தார். 1969இல் புளோரிடாவில் எடையில் 45 சதவீதம் சிலிக்கா, 24.5 சதவீதம் சோடியம் ஆக்சைடு, அதே அளவு கால்சியம் ஆக்சைடு, 6 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு சேர்த்து உருக்கிய கண்ணாடியை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அதை வெளியே எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்போடு பிணைந்திருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். ஜன்னல் கண்ணாடியை விட இதில் சிலிக்கா குறைவு, அதனால் உடல் நீர் பட்ட உடனே சோடியம் வெளியேறுகிறது. மேற்பரப்பில் சிலிக்கா கூழ்ப்படலமாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, சில மணி நேரங்களிலேயே எலும்பின் கனிமத்தைப் போன்ற படிகமாக இறுகத் தொடங்குகின்றன. நம் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரத நார்கள் அந்தப் படலத்துக்குள் சிக்கிக்கொள்ள, கண்ணாடி எங்கே முடிகிறது, எலும்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் போகிறது. ஒட்டும் வேகத்தில் பீங்கான் இதன் பக்கத்தில் வர முடியாது. பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளில் நோவாமின் என்ற பெயரில் இருப்பதும் இதே கண்ணாடிதான்.

பிறகு ஏன் எல்லோரும் கண்ணாடிக்கே போய்விடவில்லை? துளையுள்ள வடிவமாக்கச் சூடேற்றினால் இந்தக் கண்ணாடி படிகமாகி, அந்த ஒட்டும் சுறுசுறுப்பில் கொஞ்சத்தை இழந்துவிடுகிறது. அதனால் பெரும்பாலும் துகளாகவும் பிசையும் பதத்திலும்தான் வருகிறது. காலி செய்யும் விஷயத்திலும் சோம்பேறி. பெரிய துகள்கள் பல ஆண்டுகள் உள்ளேயே தங்கும். ஆனால் ஓர் இடத்தில் இதை யாரும் அசைக்க முடியாது. பின்லாந்தில் உருவான எஸ்53பி4 என்ற வகை, கரையும்போது சுற்றியுள்ள நீரைக் காரத்தன்மைக்கும் அதிக உப்புச் செறிவுக்கும் கொண்டுபோய், ஆன்டிபயாடிக் இல்லாமலே கிருமிகளை ஒடுக்குகிறது. நாள்பட்டுச் சீழ் பிடித்த எலும்பைச் சுரண்டிய பள்ளத்தில், ஒரே ஆபரேஷனில் கிருமிக்கும் பள்ளத்துக்கும் சேர்த்து வேலை முடிகிறது என்றால், கொஞ்ச காலம் தங்கிவிட்டுப் போகட்டுமே.

பிளாஸ்டிக்கின் பலம் வடிவம். பாலிகேப்ரோலாக்டோன் என்ற கரையும் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே உருகும். சிடி ஸ்கேனைக் கணினியில் போட்டு, அந்த நோயாளியின் மண்டையோட்டு ஓட்டைக்குப் பொருத்தமாக நூல் நூலாக அச்சிட்டுவிடலாம். சிங்கப்பூரின் ஆஸ்டியோபோர் நிறுவனம் மூளை ஆபரேஷனில் துளைத்த ஓட்டைகளை மூட இப்படிப்பட்ட மூடிகளை விற்கிறது. கரைய இரண்டு மூன்று வருடமாகும். பாலிலாக்டிக் அமில வகைப் பிளாஸ்டிக்குகளில் சிக்கல் வேறு. கரையும்போது அமிலம் வரும். பெரிய துண்டாக இருந்தால் உள்ளே அது தேங்கி, கடைசியில் மொத்தமாக வெளியேறி வீக்கத்தைக் கிளப்பும். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகு வரும் தொல்லை இது. அதோடு எலும்பு செல்களுக்கு வெறும் பிளாஸ்டிக்மேல் பெரிய பிரியம் கிடையாது. டிரைகால்சியம் பாஸ்பேட் பொடியைக் கலந்து அச்சிடும் வழக்கம் வந்தது அதனால்தான். ஆகப் பிளாஸ்டிக்கைப் போட்டியாளர் என்பதைவிடப் பீங்கானுக்கு உருவம் கொடுக்கும் கூட்டாளி என்பதே பொருத்தம்.

கடைசியாக, அதிகம் பேசப்பட்டதும் அதிகம் அடிபட்டதுமான பிஎம்பி. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், கனிமத்தை நீக்கிய எலும்பை விலங்கின் சதைக்குள் வைத்தபோது அங்கே புது எலும்பு முளைத்தது. எலும்பே இல்லாத இடத்தில்! அதற்குக் காரணமான புரதங்களில் ஒன்றான பிஎம்பி-2ஐ மரபணு முறையில் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் நனைத்து, மெட்ரானிக் நிறுவனம் 'இன்ஃப்யூஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. கீழ் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆபரேஷனுக்கு 2002இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இடுப்பில் கத்தி வைக்க வேண்டாம் என்றதும் எல்லோரும் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

சிக்கல் பஞ்சில். அது புரதத்தைப் பிடித்து வைக்காது, சில நாட்களிலேயே பெரும்பகுதியை விட்டுவிடும். அதை ஈடுகட்ட மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று ஊற்றினார்கள். உடம்போ இந்தப் புரதத்தை நானோகிராம் கணக்கில் கையாள்கிறது. கழுத்து எலும்பில் இதை வைத்த நோயாளிகள் சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்ட, 2008இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. வேண்டாத இடத்திலும் எலும்பு வளர்ந்தது. 2011இல் யூஜின் கராஜீ என்ற அறுவை மருத்துவரின் குழு, நிறுவனம் பணம் போட்டு நடந்த 13 ஆய்வுகளில் 780 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட இந்தப் புரதத்தால் பாதிப்பு என்று எழுதப்படவில்லை, உண்மையான பாதிப்பு அந்த ஆய்வுகளின் மதிப்பீட்டைப்போல் 10 முதல் 50 மடங்கு வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த ஆய்வுகளை எழுதிய மருத்துவர்களுக்கு 1996 முதல் 2010 வரை சுமார் 21 கோடி டாலர் போயிருப்பதாக 2012இல் அமெரிக்க செனட் குழு அறிக்கை வந்தது. 2013இல் யேல் பல்கலைக்கழக ஏற்பாட்டில் எல்லாத் தரவையும் திரும்பப் பார்த்தவர்கள், முதுகெலும்பு இணைப்பில் இடுப்பெலும்பை விட இது பெரிதாக ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை என்றே முடித்தார்கள்.

அதற்காகப் பிஎம்பி பொய் என்று ஒதுக்க முடியாது. 450 நோயாளிகளின் திறந்த (தோலும் கிழிந்த) கீழ்க்கால் முறிவு ஆய்வு ஒன்றில், மறு ஆபரேஷனுக்கான அபாயத்தை இது 44 சதவீதம் குறைத்தது. எலும்பின் உட்புழையை அகலப்படுத்தி ராடு அடிக்கப்பட்ட நோயாளிகளிடம் பின்னர் நடந்த ஆய்வில் அந்த அனுகூலம் தெரியவில்லை. என் கணிப்பில் புரதத்தின்மேல் குற்றமில்லை, அதைச் சுமந்த பஞ்சுதான் தவறு. மெதுவாக விடும் வண்டி ஒன்றில் ஏற்றினால் பத்தில் ஒரு பங்கு மருந்தே போதுமா என்று தேடுவதுதான் இன்றைய ஆய்வுகளின் போக்கு.

ஆக எதற்கு எது? நான்கு பக்கமும் எலும்புச் சுவர் இருக்கும் பள்ளம் என்றால், உதாரணமாக முழங்கால் மூட்டுத் தளம் அமுங்கி அதைத் தூக்கிவிட்ட பிறகு அடியில் விழும் வெற்றிடம், டிரைகால்சியம் பாஸ்பேட் அல்லது அதன் கலவையே தாராளம். அதற்குமேல் செலவு செய்வது வீண் என்பேன். சீழ் இருந்த பள்ளத்துக்குக் கண்ணாடி. இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் கலந்த பிளாஸ்டர். மண்டையோட்டின் சிறு ஓட்டைக்கு அச்சிட்ட பிளாஸ்டிக். பிஎம்பி, இடுப்பெலும்பு எடுக்க வழியே இல்லாதபோது, கூடி வராத முறிவுக்கு, அளவறிந்த கைகளில் மட்டும். நோயாளி புகை பிடிப்பவராக இருந்தாலோ, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமலிருந்தாலோ, இந்தத் தேர்வை விட அதைச் சரிசெய்வதுதான் அதிகம் பலன் தரும்.

கீழ்க்காலில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்பே இல்லை என்றால் நான்கில் எதுவும் தனியாக நிற்காது. அங்கே இன்னமும் ஜெயிப்பவை பழைய உத்திகள். ஒன்று, இலிசராவ் வளையம்: எலும்பைக் குறுக்கே வெட்டி, தினமும் 1 மில்லிமீட்டர் இழுத்து, எந்தப் பொருளும் வைக்காமலே இடைவெளியில் எலும்பை முளைக்க வைப்பது. இன்னொன்று, மஸ்கலே என்ற பிரெஞ்சு மருத்துவரின் இரண்டு கட்ட முறை: இடைவெளியில் எலும்பு ஆபரேஷனுக்கான சிமெண்டை வைத்து, ஆறு எட்டு வாரத்தில் அதைச் சுற்றி உடம்பு ரத்த ஓட்டமுள்ள ஓர் உறையைக் கட்டிய பிறகு, சிமெண்டை எடுத்துவிட்டு உறைக்குள் நோயாளியின் சொந்த எலும்பை நிரப்புவது. சொந்த எலும்பு போதாதபோது அதோடு செயற்கைத் துகளையும் கலப்பார்கள். ஆனால் அதிலும் பெரும்பங்கு சொந்த எலும்புதான்.